இரண்டாவது சோதனை

ரத்தச் சோதனை அட்டையை ஒருமுறை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார் பிரிசில்லா. பிறகு டியூப்லைட்டுக்குக் கீழே. எட்டு நிமிடம் சுழன்று நின்ற வெள்ளை வட்டத்தில், ரத்தநீரோடு கலந்த கரித்தூள் பொடிப்பொடியாகத் திரண்டிருந்தது. சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருக்கலாம் என்று பொருள்.

கேளம்பாக்கத்தில் ஒரு கிளினிக்கை ஒட்டிய லேப். அங்கே பதினோரு வருடமாக வேலை. குழாயில் ஒட்டிய பெயரை மூன்று முறை வாய்விட்டு வாசிப்பார். போனில் எந்த முடிவையும் சொல்ல மாட்டார்.

"மொத டெஸ்ட்டு பயந்த ஆளு மாதிரி. ஜொரம் வந்தாலும் கத்தும், புள்ளத்தாச்சியப் பாத்தாலும் கத்தும். ரெண்டாவது ஒரு மணி நேரம் எடுத்துகினுதான் பேசும்" என்பார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதல் சோதனையை மட்டும் நம்பி ஒரு பெண்ணுக்கு முடிவு கொடுத்துவிட்டார். கணவன் வீட்டார் அவளைத் துரத்திய பிறகுதான் நோயே இல்லை என்று தெரிந்தது. அதிலிருந்து கரும்புள்ளிகளைக் கண்டால் இரண்டாவது சோதனை முடியாமல் வாய் திறக்க மாட்டார்.

அன்றைய ரத்தம் ஐந்து மாதக் கர்ப்பிணியான அனுவுடையது. நாவலூரில் வண்டி ஓட்டும் அவள் கணவன் கார்த்தி கதவைத் தட்டினான்.

"இன்னா மேடம், இவ்ளோ நேரம்? இன்னா கீது அவளுக்கு?"

"இன்னொரு டெஸ்ட்டு ஓடிகினு கீது தம்பி. ஒக்காருங்க."

இரண்டாவது சோதனையில், சோதனைத் தட்டின் குழியில் ரத்தச் செல்கள் பொட்டாக இறங்கினால் நோயில்லை. பாயாக விரிந்தால் உண்டு. அந்த ஒரு மணி நேரமும் பிரிசில்லா உட்காரவில்லை. கடைசியில் குனிந்து பார்த்தார். பாய் விரிந்திருந்தது.

டாக்டர் அனுவைத் தனியே அழைத்துச் சொன்னார். ஊசி போட்டால் குழந்தையையும் காப்பாற்றலாம். கணவனின் ரத்தத்தையும் சோதிக்க வேண்டும். அனு லேபுக்குள் வந்து பிரிசில்லாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு அவரத் தவிர யாரும் இல்லக்கா. எம்மேல தப்பு இல்லன்னு நம்புவாரா? அடிச்சே சாவடிச்சுடுவாரு."

"நீ இங்கியே இரு. டாக்டரம்மா அவராண்ட பேசுவாங்க."

அனு தலையாட்டிய பிறகே கார்த்தியை டாக்டர் அறைக்குக் கூப்பிட்டார்கள். சத்தம் வரும் என்று இருவரும் காதைக் கொடுத்து நின்றார்கள். வரவில்லை. சற்று நேரத்தில் அவனே லேபுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். மனைவியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கல்யாணத்துக்கு முன்ன கீழ ஒரு புண்ணு வந்துது மேடம். தானா ஆறிடுச்சு. வுட்டுட்டேன்."

அனு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ரத்தம் எடுக்க பிரிசில்லா அவன் கையில் ரப்பர் பட்டையைக் கட்டினார். அவன் கை உதறியது. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, உதறல் அடங்கும்வரை நின்றார்.