மார்லிஸ் கேட்ட ஒன்பது கேள்விகள்

எங்கள் வட மினசோட்டாவில் வலியை வெளியே சொல்வது கிட்டத்தட்டக் கெட்ட பழக்கம். கை ஒடிந்தவனை விசாரித்தாலும் "பரவால்ல, மோசமில்ல" என்பான். இப்படிப்பட்ட ஊரில், பன்னிரண்டு வயது தாண்டிய பிள்ளைகளின் மனச்சோர்வைக் கண்டுபிடிக்கும் வேலை, குழந்தைகள் மருத்துவமனை உதவியாளர் மார்லிஸ் எங்கபிரெட்சனுக்கு வாய்த்தது.

அவள் நல்லவள். சிக்கலே அதுதான். சாகத் தோன்றுகிறதா என்று கடைசியில் கேட்கும் ஒன்பது கேள்விகள் அச்சடித்த தாளைக் கையில் கொடுத்துப் பிள்ளைகளைப் பயமுறுத்த மனம் வராது. பெற்றோரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தானே வாசிப்பாள்.

"தூக்கம் நல்லா வருதில்ல தங்கம்? கவலை கிவலை ஒண்ணுமில்லையே? கடைசிக் கேள்வி ஒனக்கெதுக்கு, விடு."

பிள்ளை தலையாட்டும். எல்லாவற்றுக்கும் பூஜ்யம். துயரமே இல்லாத ஊர் என்று தலைமை அலுவலகம் பாராட்டி கேக் அனுப்பியது. மார்லிஸ்தான் வெட்டினாள்.

புதிதாக வந்த டாக்டர் ஹோடான் வர்சாமே அந்தப் பூஜ்யங்களைப் பார்த்து மகிழவில்லை.

"கேள்வி கேக்குறீங்களா மார்லிஸ், பதிலச் சொல்லிக் குடுக்குறீங்களா?"

"எங்க ஊருப் பிள்ளைங்கள எனக்குத் தெரியாதா டாக்டர்?"

"இனிமே அவங்களே தனியா எழுதட்டும். பெத்தவங்க வெளிய."

அந்த வாரமே மார்லிஸின் மகள் அனிகா வந்தாள். வயது பதினைந்து, பள்ளி ஹாக்கி அணியின் கோல்கீப்பர். விளையாட உடல்தகுதிச் சான்று வேண்டும். அனிகா உள்ளே தனியாகத் தாளை நிரப்ப, மார்லிஸ் முதன்முறையாகக் கதவுக்கு வெளியே தாயாக நின்று, "டாக்டரம்மாவுக்கு நேரம் நெறையக் கெடக்கு போல" என்று கிண்டலடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கதவைத் திறந்தார்.

"உள்ள வாங்க. அனிகா சம்மதிச்சுதான் சொல்றேன். சாகணும்னு அவளுக்குத் தோணிட்டிருக்கு. அநேகமா தெனமும்."

மார்லிஸ் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து எடுக்கத் தெரியாமல் நின்றாள்.

"போன வருஷம் எல்லாத்துக்கும் இல்லன்னாளே! நான்தானே கேட்டேன்!"

"ஆமா, நீதான் கேட்ட," என்றாள் அனிகா. "இல்லன்னு சொல்லணும்னு கேட்ட. சொன்னேன்."

டாக்டர் குரல் உயர்த்தவில்லை. "வீட்ல துப்பாக்கி இருக்கா?"

இங்கே அது, வீட்டில் அடுப்பு இருக்கிறதா என்று கேட்பது போல.

"பூட்டித்தான் வெச்சிருக்கோம்," என்றாள் மார்லிஸ் அவசரமாக.

"சாவி எங்கன்னு எனக்குத் தெரியும்மா."

மார்லிஸின் கை தானாகக் கைபேசியைத் தேடியது. கணவன் டேல் எடுத்தான்.

"துப்பாக்கி அத்தனையும் உங்க அண்ணன் வீட்ல கொண்டுபோய்ப் போடு. இப்பவே."

"என்ன வெளையாடுறியா? சனிக்கெழம மான் வேட்ட ஆரம்பம்."

"தெரியும்."

"எப்பத் திருப்பி எடுக்குறது?"

"தெரியல டேல். நம்ம பிள்ள சாகணும்னு நெனைக்குது."

மறுமுனையில் சாவிக்கொத்து குலுங்கியது. "கெளம்பிட்டேன்," என்றது ஒரு குரல். அது டேலின் குரல் என்று நம்ப அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.