என் நாத்தனாருக்குக் காற்று பிரிந்த கதை

என் நாத்தனார் ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் இயக்குகிறவர். கதவோரம் ஒரு முக்காலி, தலைக்கு மேலே சின்ன மின்விசிறி, கைக்கெட்டும் தூரத்தில் பொத்தான்கள். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பிருந்தே அந்த முக்காலிதான் அவருக்குச் சிம்மாசனம். அங்கே அவர் வைத்ததுதான் சட்டம். சட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. லிஃப்டுக்குள் யாரும் காற்று விடக் கூடாது, அவ்வளவுதான்.

சிரிக்காதீர்கள். ஜன்னல் இல்லாத பெட்டி அது. நீங்கள் ஏழாவது மாடியில் இறங்கிப் போய்விடுவீர்கள், நாள் முழுக்க உள்ளேயே உட்கார்ந்திருக்கிற மனுஷி எங்கே போவார்? அதனால் எவராவது கைவரிசையைக் காட்டினால் அடுத்த மாடியில் லிஃப்ட் நின்றுவிடும். கதவு திறக்கும். அக்கா, நாத்தனாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், திரும்பி ஒவ்வொரு மூஞ்சியாகப் பார்ப்பார். செய்தவர் கூரையைப் பார்ப்பாராம், செய்யாதவர்கள் ஒருவரையொருவர் பார்ப்பார்களாம். "சார், நீங்க இங்க இறங்கிக்கலாம்" என்பார். இறங்கித்தான் ஆக வேண்டும். ஒருமுறை ஒரு கம்பெனி இயக்குநரையே, விருந்தாளிகள் முன்னால், நாலாவது மாடியில் இறக்கிவிட்டார். அந்த மனிதர் கட்டட மேலாளரிடம் போய்க் குதிகுதியென்று குதித்தார். மேலாளர் விசாரிக்க வந்தார். தன்னையும் ஒரு தடவை இறக்கிவிட்டது ஞாபகத்துக்கு வரவே, வந்த வழியே போய்விட்டார்.

வீட்டிலும் அதே ராஜ்ஜியம்தான். என் வீட்டுக்காரர், ஐம்பது வயது ஆம்பிளை, தேவைப்பட்டால் தெருவுக்குப் போய்விட்டு வருவார். மழை பெய்தால் குடை எடுத்துக்கொள்வார். நான்தான் அடங்காப்பிடாரி. "வயிறுன்னு ஒண்ணு இருந்தா சத்தம் வரத்தான் செய்யும்" என்று மல்லுக்கு நிற்பேன். "உனக்கு வெட்கம்னு ஒண்ணு கிடையாதாடி?" என்பார் அக்கா. ஆனால் சும்மா சொல்லக் கூடாது, இத்தனை வருஷத்தில் அவர் ஒரு ஏப்பம் விட்டுக்கூட நான் கேட்டதில்லை.

அப்பேர்ப்பட்டவருக்கு ரத்தமாகப் போக ஆரம்பித்தது. வாயைத் திறந்து சொல்வாரா? துணி துவைக்கும்போது நான்தான் பார்த்தேன்.

"இது என்னக்கா?"

"ஒண்ணுமில்லடி. உடம்புச் சூடு."

"மாமாவுக்கும் முதல்ல சூடுன்னுதானே சொன்னீங்க?"

என் மாமனார் குடல் புற்றுநோயில் போனவர். அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. மறுநாள் அவரைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் இளவட்டம். பின்வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, அதன் நுனியில் இருக்கிற கேமராவால் பெருங்குடல் முழுவதையும் பார்க்க வேண்டும் என்றார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நடுவுல நின்னுட்டா?"

"நிக்காதும்மா. கடைசி வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்துடும்."

"ஓட்டுறது யாரு?"

"நான்தாம்மா."

"எத்தனை வருஷ சர்வீஸ்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த குடல் படத்தைப் பார்த்தேன்.

பரிசோதனைக்கு முதல் நாள் பேதி மருந்து குடிக்க வேண்டியிருந்தது. வாளியில் குழாயைத் திறந்துவிட்டு, ரேடியோவை அலறவிட்டு, தன் தம்பியை, அதாவது என் வீட்டுக்காரரை, தெருமுனைக்கு விரட்டிவிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் கழிவறைக்குள் போனார். பக்கத்து வீட்டுக்காரி வந்து ஏதாவது விசேஷமா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பரிசோதனை நல்லபடியாக முடிந்தது. "ஒரு சின்னச் சதை வளர்ச்சி இருந்துச்சு. அப்பவே வெட்டி எடுத்துட்டேன். பார்த்தா பயப்படுற மாதிரி இல்ல" என்றார் டாக்டர். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அந்த மனுஷியோடு நான் போடாத சண்டையில்லை, ஆனால் அவர் இல்லாத வீட்டை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. மூக்கைச் சிந்தி முடிப்பதற்குள் டாக்டர் அடுத்ததைச் சொன்னார். "குடலை விரிச்சுப் பார்க்கக் காத்து ஏத்தியிருக்கோம். அது வெளிய வரணும். வந்ததும் வீட்டுக்குப் போகலாம்."

போச்சுடா என்று நினைத்தேன்.

மயக்கம் தெளிய வைக்கிற அறை மூன்றாவது மாடியில். வரிசையாகக் கட்டில்கள், நடுவில் வெறும் துணித் திரை. திரைக்குத் திரை வெடி முழக்கம். நர்ஸம்மா ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓடிப்போய், "சூப்பர் சார்! இன்னும் ஒண்ணு வருதா பாருங்க!" என்று கொஞ்சினார். ஒரு பெரியவரின் மகன் கைதட்டினான். அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது.

"என்னடி இடம் இது?"

"ஆஸ்பத்திரிக்கா. ஒண்ணே ஒண்ணு விடுங்க, வீட்டுக்குப் போயிடலாம்."

"வாயை மூடு."

நர்ஸம்மா வந்து, "அம்மா, காத்து பிரிஞ்சுதா?" என்றார். "அதெல்லாம் ஆச்சு" என்றார் அக்கா. "எனக்குக் கேக்கலையே." "எனக்குக் கேட்டுச்சு." வயிற்றைத் தொட்டுப் பார்த்த நர்ஸம்மா நம்பவில்லை. இடதுபக்கம் புரண்டு படுக்கச் சொன்னார், முழங்காலை மடக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். அக்கா எல்லாம் செய்தார், அதை மட்டும் செய்யவில்லை. கழிவறைக்காவது போகட்டும் என்றால், மயக்க மருந்து கொடுத்தவர்கள் தாழ்ப்பாள் போடக் கூடாதாம். நர்ஸம்மா கதவிடுக்கில் காலை வைத்துக்கொண்டு, "வெட்கப்படாதீங்கம்மா, நான் தினமும் கேக்கறதுதான்" என்றார். அக்கா போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டார்.

நேரம் போகப் போக வயிறு உப்பி, பறை மாதிரி ஆகிவிட்டது. வலியில் நெற்றி வியர்த்தது. டாக்டர் ஓடிவந்து அழுத்திப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. என்னைத் தனியே கூப்பிட்டார். "வெட்டின இடத்துல குடல்ல ஓட்டை விழுந்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும். கீழ ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போறேன். சந்தேகமா இருந்தா உடனே வயித்தைத் திறக்கணும்."

அக்காவிடம் போய், "ஒரு குசுவுக்காகச் சாகப் போறீங்களா?" என்று கத்தினேன். திரைக்குப் பின்னால் எல்லாச் சத்தமும் நின்றுபோனது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

சக்கர நாற்காலியில் உட்கார வைத்து லிஃப்டுக்குள் தள்ளினார்கள். அக்கா, டாக்டர், நாற்காலி தள்ளுகிறவர், நான். இயக்க ஆள் இல்லாத லிஃப்ட் அது, நாமே பொத்தானை அமுக்க வேண்டியது. தள்ளுகிறவர் அமுக்கினார். கதவு மூடி, ஒரு குலுக்குக் குலுக்கி இறங்கியது பாருங்கள், அந்தக் குலுக்கலில் வந்துவிட்டது. சின்னதும் இல்லை. பழைய மரக்கதவைத் திறந்த மாதிரி நீளமாக, ஏறி இறங்கி, முடிந்துவிட்டது என்று நினைத்த பிறகும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

யாரும் மூச்சு விடவில்லை. அக்காவின் முகம் கழுத்து வரை சிவந்திருந்தது. அவமானத்தில் உயிரை விட்டுவிடுவார் போலிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. "மன்னிச்சுக்குங்க, நான்தான்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து டாக்டருக்குப் போன் வந்தது. அறுவை சிகிச்சை டாக்டராம். "கூட்டிட்டு வர்றேன் சார். இல்ல சார், பேஷன்டுக்கு இன்னும் காத்து பிரியலை. இப்பக் கேட்டது கூட வந்தவங்களோடது. ஆமா சார், தியேட்டரை ரெடி பண்ணச் சொல்லிடுங்க."

ஐயோ, நல்லது செய்யப் போய் இப்படியா ஆக வேண்டும்! இப்போது மாற்றிச் சொன்னால் யார் நம்புவார்கள்? அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கையை நீட்டி, முதல் மாடிப் பொத்தானை அமுக்கினார். லிஃப்ட் நின்றது. கதவு திறந்தது.

"டாக்டர், அவ பொய் சொல்றா" என்றார். "அது என்னுது."

டாக்டர் போனில், "சார், வந்துடுச்சு சார்! நானே என் காதால கேட்டேன்!" என்று கூவினார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், இளகியிருந்தது. "வலி எப்படி இருக்கும்மா?" "பாதி போயிடுச்சு." "அப்ப ஸ்கேன் வேணாம். மேல போய்ப் படுங்க, வந்து பார்க்கறேன்" என்று அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் சுவரில் சாய்ந்து விசும்பிக்கொண்டிருந்தேன்.

அக்கா நாற்காலியை விட்டு எழுந்து வெளியே இறங்கினார்.

"எங்கம்மா போறீங்க? லிஃப்டுலயே போயிடலாம்."

"யாரா இருந்தாலும் இறங்கணும்" என்றார் அக்கா.

டாக்டர் கெஞ்சினார். தள்ளுகிறவர் நாற்காலியோடு பின்னாலேயே வந்து பார்த்தார். நடக்கிற காரியமா? அக்கா படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துவிட்டார். ஆஸ்பத்திரிக் கவுன் பின்பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது. ஓடிப்போய் இரண்டு கையாலும் அதைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறினேன்.

நாலு படி ஏறியதும் ஒன்று வந்தது. இன்னும் இரண்டு படியில் இன்னொன்று. அக்கா எதுவுமே நடக்காதது போல ஏறிக்கொண்டிருந்தார்.

"அக்கா..."

"என்னடி?"

"இல்ல, உங்க சட்டம்..."

"அது லிஃப்டுக்கு. படிக்கட்டுக்கு நான் பொறுப்பில்ல."

சிரிப்பு பொத்துக்கொண்டு வந்ததில் கவுனை விட்டுவிட்டேன். "பிடிடி சனியனே!" என்று கத்திக்கொண்டே அடுத்த படியில் காலை வைத்தார்.