பதினெட்டும் ஒரே ஆள்

“வணக்கம் சார். நீங்க நிஜ ஆளுதானே?” என்று கேட்டுவிட்டு, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு ஆரஞ்சு உரிக்கிறார் அக்கா. மறுமுனையில் இருப்பவர் திகைக்கிறார். திகைக்காமல் என்ன செய்வார்? பிறந்ததிலிருந்து யாரும் அவரை அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். “கோவிச்சுக்காதீங்க, எல்லாரையும் கேக்கறதுதான்” என்று சமாதானம் சொல்லியபடியே ஒரு சுளையை என் பக்கம் நீட்டுகிறார். நான் அடுத்த மேசைக்காரன், விளம்பர வாசகம் எழுதுகிறவன். ஒரு நாளைக்கு நாற்பது தடவை இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. ஆரஞ்சு மட்டும் இனிப்பு.

எங்கள் கம்பெனியின் தொழிலை வெளியாருக்குப் புரியவைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். இணையத்தில் கடை நடத்துகிறவர்கள் ஒரு பக்கம். செருப்பு, கேமரா, குழந்தை மெத்தை என்று தெரிந்ததைப் பற்றிச் சொந்தத் தளத்தில் எழுதுகிறவர்கள் இன்னொரு பக்கம். எழுதியவர் கொடுத்த லிங்கை அழுத்தி யாராவது பொருள் வாங்கினால் அவருக்குக் கமிஷன். இரண்டு தரப்பையும் சேர்த்துவைப்பது நாங்கள். அக்கா இதை ஒரே வரியில் முடித்துவிடுவார்: “கடைக்கு வழி சொல்றவங்களுக்குக் கூலி வாங்கித் தர்றோம்.” வழி சொல்ல வருகிறவர்களில் சில எமகாதகர்கள் உண்டு. தங்கள் லிங்கைத் தாங்களே அழுத்தி, பத்துப் பெயரில் வாங்கி, கமிஷன் கைக்கு வந்ததும் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர்களைப் பொறுக்கி எடுப்பதுதான் அக்காவின் வேலை.

“எப்படிக்கா கண்டுபிடிக்கறீங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“ரொம்ப சுலபம்ப்பா. நிஜ ஆளா இருந்தா பின்னாடி யாராவது திட்டிக்கிட்டே இருப்பாங்க.”

விளையாட்டில்லை. அவர் நோட்டைப் பார்த்திருக்கிறேன். ‘கேமரா தளம். மனைவி கூப்பிடுகிறார், போகவில்லை. நிஜம்.’ ‘மெத்தை தளம். குழந்தை அழுகிறது, இவரும் அழுதுவிடுவார் போலிருக்கிறது. நிஜம்.’ ‘வாட்ச் தளம். மயான அமைதி. பார்க்கணும்.’ அந்த வாட்ச்காரர் இரண்டே வாரத்தில் மாட்டினார்.

தொழில் நாக்கிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. நல்ல பல் டாக்டர், நல்ல தையல்காரர் என்று யாரைச் சிபாரிசு செய்தாலும் உடனே, “நம்ம லிங்க் இல்லப்பா, சும்மாதான் சொல்றேன்” என்று சேர்த்துக்கொள்வார். ஆனால் இன்றுவரை இணையத்தில் ஒரு கைக்குட்டைகூட வாங்கியதில்லை. கடைக்குப் போய்த் தொட்டு, இழுத்து, முகர்ந்து பார்த்தால்தான் திருப்தி. அவர் கணவர் லாரி மெக்கானிக். ஒருநாள் அழைத்துப்போக வந்தவர் என்னிடம் முறையிட்டார்: “பேசறதுக்கு இவளுக்குச் சம்பளம் தர்றாங்க. கேக்கறதுக்கு எனக்கு யாரு தர்றா?”

கம்பெனி தொடங்கியது சாவி செய்கிற கடையின் மாடியில், ஒற்றை அறையில். முதலாளி, புரோகிராம் எழுதிய ஒருவர், அக்கா, ஆக மூன்று பேர். இரண்டு மேசைகளில் ஒன்று, கழற்றிப் போட்ட கதவு. இன்றைக்கு ஆறு மாடி, நானூறு பேர், ஏழு நாட்டுக் கடைகள். வரவேற்பறையில் சுவர் அகலத்துக்கு ஒரு திரை, அதில் நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறுகிற எண்கள். “வளர்ச்சின்னா என்னக்கா?” என்று கேட்டால், “பாத்ரூம் போகவும் அட்டை காட்டணும், அதான்” என்பார். நாங்களெல்லாம் ‘சார்’ என்று நடுங்குகிற முதலாளியை இன்னமும் ‘தம்பி’ என்று அழைக்கிற ஒரே ஆள் அவர்தான்.

அந்தத் தம்பிதான் போன மாதம் அக்காவின் மேசைக்கே வந்து, நின்றபடி விஷயத்தைச் சொன்னார்.

“அக்கா, ஒரு நாளைக்கு மூவாயிரம் பேர் சேர வர்றாங்க. நீங்க நாப்பது பேர்கிட்டதான் பேச முடியுது.”

“அதுக்கு?”

“மிஷினே பாத்துக்கும். திங்கக்கிழமையிலேருந்து போன் வேண்டாம். உங்களுக்கு வேற நல்ல வேலை யோசிச்சிருக்கேன்.”

“சரி தம்பி” என்றார் அக்கா. அவர் முகம் தொங்கிப்போனதை நான் பார்த்தேன்.

திங்கட்கிழமை மிஷினின் முதல் பட்டியல் வந்தது. ‘போலி’ என்று மூடப்பட்ட நாற்பது கணக்குகள், ஒற்றைத் தாளில். வேலை இல்லாத அக்கா அதை வரிவரியாகப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. ஒரு செருப்புத் தளம். காரணம்: ‘பதினெட்டு விற்பனை. பதினெட்டும் ஒரே ஆள்.’ சட்டென்று பழைய நோட்டைப் புரட்டினார். ‘நர்ஸ். பின்னால் மணி அடிக்கிறது. பேச்சை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். நிஜம்.’

போன் வேண்டாம் என்ற உத்தரவு காற்றில் போயிற்று. நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“நான் என்ன மேடம் தப்பு பண்ணேன்?” என்றது களைத்த குரல். “பன்னெண்டு மணி நேரம் நிக்கறோம். குதிகால் விட்டுப்போகுது. எந்தச் செருப்பு தாங்கும்னு நானே போட்டுப் பாத்து எழுதினேன். எங்க வார்டுல பதினெட்டு பேரும் வாங்கினாங்க. ஓய்வறையில இருக்கறதே ஒரு கம்ப்யூட்டர்தான், எல்லாரும் அதுலதான் வாங்கினாங்க. இப்ப ‘போலி’ன்னு உங்க மெசேஜும் அதுலதான் வந்துது. எல்லாரும் படிச்சுட்டாங்க. கமிஷன் போனாப் போகுது மேடம், அந்த வார்த்தைய எடுத்துடுங்களேன்.”

அக்கா எழுந்தார். தாளோடு முதலாளியின் கண்ணாடி அறைக்குள் நுழைந்தார். நானும் பின்னாலேயே போனேன். வேடிக்கை பார்க்கத்தான், மறைப்பானேன்?

“ஏன் தம்பி, பதினெட்டு பேர் கால் வலியும் ஒருத்திக்கேவா வரும்?”

முதலாளி விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். “மிஷின் என்ன பண்ணும்க்கா? ஒரே கம்ப்யூட்டர்னா ஒரே ஆளுன்னுதான் எடுத்துக்கும்.”

“சாவிக்கடை மாடியில நாம மூணு பேரும் ஒரே கம்ப்யூட்டர்லதான மாத்தி மாத்தி உக்காந்தோம்? அப்ப நாம ஒரே ஆளா?”

முதலாளி சிரித்துவிட்டார். விசைப்பலகையில் ஏதோ தட்டினார். “அந்த நர்ஸோட கணக்கத் திறந்துட்டேன். மன்னிப்பும் அனுப்பச் சொல்றேன். போதுமாக்கா?”

“மத்த முப்பத்தொன்பது பேர்?”

“அவங்கள்லாம் போலிதான்.”

“பேசிப் பாத்தியா?”

அக்கா தாளை நடுவில் மடித்து, மடிப்பின்மேல் நகத்தால் ஒரு கீறு கீறி, இரண்டாகக் கிழித்தார். ஒரு பாதியை முதலாளி பக்கமாக நகர்த்திவைத்துவிட்டு, மேசைமேல் இருந்த போனின் ரிசீவரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.