தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

ஒரு முறம் தவிடு. நான் செய்த ஒரே வியாபாரம் அதை வைத்துத்தான். ஐம்பதுகளின் நடுவில், இலுப்பூர்ப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் தாய்சேய் நல நிலையம் திறந்து என்னை நர்ஸாகப் போட்டிருந்தார்கள். நோய் வருமுன்னே பிள்ளைகளைப் பார்த்து வைப்பதுதான் வேலை. எடை போட வேண்டும், பால் பவுடர் கரைத்துக் கொடுக்க வேண்டும், அம்மை குத்திக்கொள்ளச் சொல்ல வேண்டும். காய்ச்சலுக்கு மருந்து என்றால் வருவார்கள். நன்றாக இருக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எவள் வருவாள்? காலையெல்லாம் தராசும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

அப்படி ஒரு காலையில் ஒரு பெண் தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து என் காலடியில் கிடத்தினாள். ஏற்கெனவே இரண்டைப் பறிகொடுத்தவள். இந்த மகளாவது தங்க வேண்டும் என்று விராலிமலைப் பக்கத்து வழக்கப்படி தவிட்டுக்கு விற்க வந்திருந்தாள். வேறொருத்தி தவிடு கொடுத்து வாங்கிக்கொண்டால் பிள்ளை அவளுடையதாகிவிடும்; பெற்றவள் வளர்த்துக் கொடுப்பவள் மட்டுமே; பிள்ளையும் பிழைத்துக்கொள்ளும் என்பது நம்பிக்கை. “ஒங்க கை ராசியான கைங்க நர்ஸம்மா, நீங்க வாங்கிக்கங்க” என்றாள். எனக்குப் படித்துவிட்டு வந்த திமிர். “இது என்ன சந்தையா?” என்று கத்தினேன். அவள் அழவில்லை, நகரவுமில்லை. உச்சி வெயில்வரை உட்கார்ந்திருந்தாள். ஆளைக் கிளப்பினால் போதும் என்று, பக்கத்தில் மாடு வைத்திருந்தவரிடம் ஒரு முறம் தவிடு வாங்கிக் கொடுத்தேன். எனக்கு அது விளையாட்டு, அவளுக்கு அப்படியில்லை.

அதன்பிறகு வாரம் தவறாமல் வந்தாள். தன் பிள்ளை என்று வாய் தவறிக்கூடச் சொல்ல மாட்டாள். “ஒங்க புள்ளைக்குச் சளி பிடிச்சிருக்குங்க”, “ஒங்க புள்ளைக்குப் பல்லு மொளைக்குதுங்க” என்பாள். கொஞ்சவும் மாட்டாள். காது குத்தக்கூட என்னிடம் உத்தரவு கேட்டு நின்றாள். எனக்குச் சிரிப்பாக வரும். ஆனால் அவளைப் பார்த்து மற்ற பெண்களும் பிள்ளைகளோடு வர ஆரம்பித்தார்கள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

சித்திரையில் ஒரு வாரம் அவள் வரவில்லை. நடந்தே போய்ப் பார்த்தேன். பிள்ளைக்கு இரண்டு நாளாக வயிற்றோட்டம். கண் குழிந்து, உதடு காய்ந்து துவண்டு கிடந்தது. வயிறு போகும்போது தண்ணீர் காட்டக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் தடுத்திருந்தார்கள். அவளை வெளியே கிளம்பவும் விடவில்லை. என் படிப்பு அங்கே எடுபடவில்லை. எவ்வளவு சொல்லியும் கேட்காததால் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்: “எம் புள்ளைக்குத் தண்ணி குடுக்க நான் யாரைக் கேக்கணும்?” வீடு அடங்கிவிட்டது. விற்ற பிள்ளை விஷயத்தில் அவர்களுக்கு என்ன பேச்சு? உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரை அவளும் நானும் மாறி மாறிக் கரண்டியால் புகட்டினோம். பொழுது சாயும் நேரம், உடம்பில் நீர் ஏறியதற்கு அடையாளமாக, பிள்ளை என் மடியில் ஒன்றுக்குப் போனது. வெள்ளைச் சேலை நனைந்ததில் எனக்கு வந்த சந்தோஷம் அதற்குப் பிறகு எதற்கும் வந்ததில்லை.

இப்போது ஊருக்கு ஊர் எடை பார்த்து அட்டையில் குறிக்கிறார்கள். எந்தத் தாயும் எதையும் விற்க வேண்டியதில்லை. பார்க்க மனசு நிறைவாக இருக்கிறது. அந்த அட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மாற்றல் வந்த நாள்தான் ஞாபகம் வரும்.

பிள்ளைக்கு அப்போது மூன்று வயது. நான் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். அவள் ஒரு கையில் பிள்ளையும் இன்னொரு கையில் மஞ்சள் பையுமாக வந்தாள். பையில் துவைத்து மடித்த சின்னப் பாவாடைகள்.

“ஒங்க புள்ளைங்க. கூட்டிட்டுப் போங்க.”

மூன்று வருஷமும் இதற்குத் தயாராகவே அவள் வளர்த்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் கண் கலங்கவில்லை. பையை என் பக்கம் நீட்டினாள். நான் அதை அவள் பக்கமே தள்ளினேன்.

“இங்கிட்டே இருக்கட்டும்மா. கண்டமெல்லாம் தாண்டியாச்சு. இனிமே இவ ஒம் மகதான்.”

“நெசமாங்க?” என்று இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் தலையாட்டினேன்.

பஸ் நகர்ந்ததும் திரும்பிப் பார்த்தேன். ரோட்டுப் புழுதியில் உட்கார்ந்து பிள்ளையின் முகமெல்லாம் முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள். “எம் மகளே, எம் மகளே” என்று மூன்று வருஷத்துக்கும் சேர்த்து அவள் கூப்பிட்டது, பஸ் இரைச்சலையும் மீறிக் கேட்டது.