ஜொவிட்டா டீச்சர் ஒட்டும் லேபிள்

முதலில் லேபிள், பிறகுதான் பாட்டில். பள்ளி நோட்டுகளுக்கு ஒட்டும் வெள்ளைச் சீட்டு ஒன்றை எடுத்து, உள்ளே இருப்பது என்ன, என்றைக்கு ஊற்றியது, யாருக்கு என்று கறுப்பு மையில் மூன்று வரி எழுதுகிறார் ஜொவிட்டா டீச்சர். அதைப் பாட்டிலின் வயிற்றில் வைத்து, நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்துகிறார். ஒரு மூலை எழும்பினாலும் கிழித்துவிட்டு வேறு சீட்டு. அவருடைய மந்தைவெளி வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால் இஞ்சி பூண்டு விழுதிலிருந்து எலுமிச்சை ஊறுகாய் வரை எல்லாம் பெயரும் தேதியுமாக, பரீட்சைக்கு வந்த பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்கும். தண்ணீர் பாட்டிலில்கூட ‘தண்ணீர்’ என்று எழுதியிருக்கும்.

சாந்தோம் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் முப்பத்தொரு வருடம் வேதியியல் எடுத்தவர். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஆய்வுக்கூடத்தில் பெயர் எழுதாத பாட்டில் ஒன்றை ஒரு மாணவி திறந்து மோந்து பார்த்து மூக்கைச் சுட்டுக்கொண்டாள். அந்தப் பெண் ஒரே வாரத்தில் சரியாகிவிட்டாள். இப்போது அவளுக்கே கல்லூரி போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். டீச்சருக்குத்தான் இன்னும் ஆறவில்லை. “பேர் இல்லாத பாட்டில், பொய் சொல்ற பாட்டில்” என்பார். அந்தக் குரலைக் கேட்டால் நமக்கே எழுந்து நிற்கத் தோன்றும்.

இப்போது ஃப்ரிட்ஜ் கதவின் மேல்தட்டில் முதலாவதாக நிற்பது ஒரு சின்னக் கறுப்பு பாட்டில். அதன் மேல் எழுதியிருப்பது: ‘கஞ்சா இலை எண்ணெய், மருத்துவர் சீட்டுப்படி. செப்டம்பர் 9. கிளிஃபர்டுக்கு மட்டும்.’

கிளிஃபர்ட் அவருடைய கணவர். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதா கோவில் பாடகர் குழுவில் கனத்த குரல்காரர். வயிற்றில் வந்த புற்றுநோய்க்கு ஏழு மாதம் மருந்து ஏற்றினார்கள். நோய் அடங்கியது. கூடவே பசியும் அடங்கிவிட்டது. எழுபத்தொரு கிலோ மனிதர் நாற்பத்தேழுக்கு வந்து நின்றார். “எதைத் துன்னாலும் வாய்ல இரும்பு வெச்ச மாரி கீது ஜோ” என்று தட்டைத் தள்ளிவிடுவார். மீன் குழம்பின் வாசனைக்கு மூன்றாவது தெருவிலிருந்து வருகிற மனிதர் அப்படிச் சொன்னபோது டீச்சர் சமையலறையில் நின்று அழுதார். இனிமேல் எடை இறங்கினால் அடுத்த மருந்தை உடம்பு தாங்காது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். பெருங்குடியில் ஓர் ஆயுர்வேத மருத்துவர் மருத்துவமனைச் சீட்டையெல்லாம் புரட்டிப் பார்த்து, பழைய மருத்துவர்களிடமும் கேட்டுக்கொண்டு, இந்த எண்ணெயை எழுதிக் கொடுத்தார்.

எண்ணெய் கசப்பு. நாக்கில் விட்டால் கிளிஃபர்ட் ஓங்கரித்தார். எதிலாவது கலந்து கொடுக்கலாமா என்று டீச்சர் கேட்க, கொடுங்கள் என்றார் மருத்துவர். அந்த ஒரு சொல் போதும், ஓய்வு பெற்ற வேதியியல் மறுபடி வேலைக்கு வந்துவிட்டது.

முதலில் எலுமிச்சைச் சாறு. எண்ணெய் மேலே மிதந்து, டம்ளர் விளிம்பில் பச்சையாக ஒட்டிக்கொண்டது. மருந்து டம்ளருக்குப் போனது, கிளிஃபர்டுக்குப் போனது புளிப்பு மட்டும். அடுத்தது மோர். அதிலும் மிதந்தது. காபியில் கசப்போடு கசப்பாக மறைந்தது, ஆனால் மனிதர் தூங்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் கிளிஃபர்ட் மதிப்பெண் போட வேண்டும், அது டீச்சரின் சட்டம். “இன்னா ஜோ, இன்னிக்கு இன்னா எக்ஸ்பெரிமென்ட்டு?” என்று கேட்டுக்கொண்டே ஒரு வாய் குடிப்பார். “பத்துக்கு ரெண்டு. அந்த ரெண்டும் டம்ளருக்கு.”

“முகத்தைச் சுளிக்காம சொல்லுங்க. நிறத்துக்கு எவ்ளோ, வாசனைக்கு எவ்ளோ, தனித்தனியா.”

ஒரு நாள் பத்தாம் வகுப்பில் தானே நடத்திய பாடம் நினைவுக்கு வந்தது. எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்து வைக்க நடுவில் ஒரு ஆள் வேண்டும். முட்டையின் மஞ்சள் கரு அந்த வேலையைச் செய்யும். பாதாமை ஊறவைத்து அரைத்து, பாலோடும் மஞ்சள் கருவோடும் சேர்த்து அடுப்பில் கெட்டியாகும் வரை கிண்டி, இறக்கி, சூடு தணிந்ததும் சொட்டுச் சொட்டாக எண்ணெயை விட்டு அடித்தார். கொஞ்சம் பனங்கற்கண்டு, ஏலக்காய், சாதிக்காய். கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் பார்த்தார். ஒரு பொட்டு எண்ணெய் மேலே வரவில்லை. கிளிஃபர்ட் முழு டம்ளரையும் குடித்துவிட்டு, “ஏழு” என்றார். டீச்சருக்கு அது மாநில முதலிடம்.

ஆனால் இது நிஜமாகவே பசியைக் கொண்டுவருமா? அதை எப்படித் தெரிந்துகொள்வது? தான் செய்து பார்க்காத பரிசோதனையைப் பிள்ளைகளைச் செய்யச் சொல்லிப் பழக்கமில்லாதவர் டீச்சர். ஒரு நாள் மதியம் கிளிஃபர்டின் பங்கு அளவைத் தானே குடித்துவிட்டு நோட்டோடு உட்கார்ந்தார். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. ‘4.15: ஒன்றுமில்லை. 4.30: ஒன்றுமில்லை. 4.50: மின்விசிறி மெதுவாகச் சுற்றுவது போல இருக்கிறது, ரெகுலேட்டரைச் சோதித்தேன், ஐந்தில்தான் இருக்கிறது. 5.20: மிக்ஸர் பாக்கெட் காலி. 5.25: காலையில் மீந்த இட்லி நான்கும் காலி.’ மருத்துவரிடம் இதைச் சொன்னபோது செமையாகத் திட்டு வாங்கினார். “ரிசல்ட் கிடைச்சுதே” என்று வெளியே வந்து சொல்லிக்கொண்டார்.

விஷயம் வெளியே போனதற்கு லேபிள்தான் காரணம். அந்தத் தெருவின் கத்தோலிக்க வீடுகள் ஒன்பதும் ஓர் அன்பியம். மாதம் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்லி, டீ குடித்துவிட்டுப் போவார்கள். அதன் பொறுப்பாளர் பவுல்சாமி, அக்டோபரில் கிளிஃபர்டைப் பார்க்க வந்தவர், “தண்ணி நானே எடுத்துக்கறேன் டீச்சர்” என்று ஃப்ரிட்ஜைத் திறந்தார். திறந்த கதவை மூட மறந்து நின்றார்.

“டீச்சர்... இது போலீஸ் கேஸ் ஆச்சே!”

டீச்சர் மருத்துவர் சீட்டைக் காட்டினார். பவுல்சாமி தலையாட்டினார். நல்ல மனிதர், மனைவி ஆரோக்கியமேரியிடம் மட்டும்தான் சொன்னார். ஆரோக்கியமேரியும் எட்டுப் பேரிடம் மட்டும்தான் சொன்னார். டீச்சர் வீட்டு டீயைக் குடித்தால் சிரிப்பு நிற்காதாம் என்பது வரைக்கும் போயிற்று. மேல்வீட்டு சாய்நாத் மட்டும் ஆசையோடு இறங்கி வந்தான். “ஆன்ட்டி, சும்மா ஒரு டேஸ்ட்...” டீச்சர் அவனை உட்காரவைத்து, எண்ணெய் ஏன் தண்ணீரில் கரையாது என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். அதற்குப் பிறகு அவன் மாடிப்படியில்கூடச் சத்தமில்லாமல் இறங்குகிறான்.

டீச்சருக்கு வலித்தது வேறு. வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு அவர் போடும் திராட்சை வைனுக்கு நவம்பர் முதல் வாரமே காலி பாட்டில்கள் வாசலுக்கு வந்துவிடும். ஃபாதர் வீட்டு பாட்டில்கூட வரும். வைனில் ஒருவருக்கும் ஒரு சந்தேகமும் வந்ததில்லை. இந்த நவம்பரில் ஒரு பாட்டில்கூட வரவில்லை. தினமும் காலையில் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, பால் பாக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

டிசம்பரில் அன்பியம் கூட வேண்டியது டீச்சர் வீட்டில். “அந்த லேபிளைப் பிச்சிப் போடு ஜோ. டானிக்குன்னு எழுது, ஜோலி முடிஞ்சுது” என்றார் கிளிஃபர்ட்.

“பொய் லேபிள் ஒட்டச் சொல்றீங்களா?”

“அப்போ ஒண்ணுமே ஒட்டாதே.”

அன்று மதியம் டீச்சர் ஈரத் துணியால் லேபிளைச் சுரண்டி எடுத்தார். பேர் இல்லாத பாட்டிலை இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் வைத்தார். இருபத்தாறு வருடமாகக் கூட உட்கார்ந்து செபித்தவர்கள். அவர்கள் தன் வீட்டில் ஒரு வாய் டீ குடித்துவிட்டுப் போக வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசைப்பட்டது.

மற்ற எட்டு வீட்டாரும் வந்தார்கள். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலோடு வந்தார்கள். டீச்சர் டீத் தட்டோடு வந்தபோது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஏதோ ஒன்று இருந்தது. “எனக்கு சுகர் இருக்கு டீச்சர்” என்றார் ஒருவர். “இப்பத்தான் வீட்ல குடிச்சிட்டு வந்தேன்” என்றார் எதிர்வீட்டு ஐரின். ஆரோக்கியமேரி தன் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே, “வெளில எதுவும் குடிக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு” என்றார். டீ ஆடை கட்டியது. கிறிஸ்துமஸுக்குச் சுட்ட கல்கல்லும் அச்சு முறுக்கும் தொடுவாரில்லாமல் இருந்தன.

கடைசிப் பாட்டைத் தொடங்கினார்கள். இரண்டாவது அடியில் உள்ளறையிலிருந்து ஒரு கனத்த குரல் கீழ் ஸ்தாயியில் சேர்ந்துகொண்டது. கிளிஃபர்ட் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, பாட்டை முடித்தார். தட்டைப் பார்த்தார். ஒரு கல்கல்லை எடுத்துக் கடித்தார், இன்னொன்று, அப்புறம் ஒரு அச்சு முறுக்கு.

“டீயக் கொண்டா ஜோ. பசிக்குது” என்றார்.

எட்டு மாதத்தில் டீச்சர் கேட்காத சொல் அது. கையிலிருந்த செபமாலை கீழே விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

“ஆண்டவரே!” என்று எழுந்துவிட்டார் பவுல்சாமி. “எப்பிடித் தேறிட்டாரு! எத்தினி கிலோ இப்போ?”

“அம்பத்தொண்ணு” என்றார் கிளிஃபர்ட், வாய் நிறைய.

ஆரோக்கியமேரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது நிஜமான கண்ணீர்தான். “மாதா கண்ணைத் தொறந்துட்டாங்க டீச்சர். நம்ம ஜெபம் வீண் போவல. சாட்சி சொல்லுங்க, ஞாயித்துக்கெழம கோவில்ல சாட்சி சொல்லுங்க!”

எல்லாரும் டீச்சரைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஐரின் அதற்குள் ஆறிய டீயை நோக்கிக் கை நீட்டிவிட்டார்.

டீச்சர் ஃப்ரிட்ஜைத் திறந்தார். மாவுப் பாத்திரத்தை நகர்த்தி, பின்னாலிருந்த பேர் இல்லாத பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து நடுவில் உட்கார்ந்தார். “மாதா இல்லைன்னு நான் சொல்லலை” என்றார். “இதுவும்தான்.”

ஐரினின் கை டம்ளருக்குப் பக்கத்தில் நின்றது. டீச்சர் வெள்ளைச் சீட்டை எடுத்து, போன தடவையைவிடப் பெரிய எழுத்தில், மூன்று வரியையும் நிதானமாக எழுதினார். மை காய ஊதினார். பிறகு அதைப் பாட்டிலில் வைத்து, அத்தனை பேர் பார்க்க, ஒரு மூலை, அடுத்த மூலை என்று கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு வந்தார்.