குறை சொல்ல ஒருத்தி

அரியமங்கலத்தில் இரும்புக் குழாய் செய்யும் பட்டறை ஒன்றில் ரஞ்சனிக்கு வரைபடம் போடும் வேலை. ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவாள். பக்கத்து மேசை நஜ்முன்னிசாவுடையது. இருவரும் ஒரே வயது, ஒரே மாதத்தில் சேர்ந்தவர்கள்.

குழாய்களைத் தோளில் சுமக்கிற ஆட்களுக்காக ரஞ்சனி ஒரு தள்ளுவண்டி வரைந்தாள். மூன்று வார உழைப்பு. மீட்டிங்கில் விரித்துக் காட்டியபோது எல்லாரும் தலையாட்டினார்கள். நஜ்முன்னிசா மட்டும் கேட்டாள்.

"லேத் மெஷின் பக்கத்துல வழி குறுகலாச்சே, அங்க இது திரும்புமா?"

யாரோ சிரித்தார்கள். ரஞ்சனிக்கு முகம் சுண்டிவிட்டது. பத்து நாள் நஜ்முன்னிசாவோடு பேசவில்லை. சாப்பாட்டு டப்பாவைக்கூட வேறு இடத்தில் போய்ப் பிரித்தாள். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. கடைசியில் ஒருநாள் டீ நேரத்தில், வண்டியின் அளவை லேத் பக்கத்துத் தரையில் சாக்பீஸால் வரைந்து பார்த்தாள். திரும்பாது.

நேராக நஜ்முன்னிசாவிடம் போனாள். "நீ சொன்னது சரிதான். ஆனா எல்லார் முன்னாடியும் ஏன் சொன்னே?"

"அது தப்புதான்ப்பா. முதல்ல உன்கிட்டதான் சொல்லியிருக்கணும்."

சேர்ந்து உட்கார்ந்து, பின்சக்கரம் எந்தப் பக்கமும் திரும்புகிற மாதிரி வரைபடத்தை மாற்றினார்கள். வண்டி ஓடியது. அப்புறம் நாலு வருஷம், ரஞ்சனி எதை வரைந்தாலும் முதலில் அந்த மேசைக்குத்தான் போகும். சிவப்புப் பேனாவால் சுழிப்பாள் நஜ்முன்னிசா. சண்டை வரும். பாதி நேரம் ரஞ்சனிதான் ஜெயிப்பாள்.

போன ஆடியில் கணவருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்து நஜ்முன்னிசா குடும்பத்தோடு கிளம்பிவிட்டாள்.

இப்போது மீட்டிங்கில் எல்லாரும் "நல்லா இருக்குங்க" என்கிறார்கள். அந்த வார்த்தை முடிந்தபிறகும் ரஞ்சனி ஒரு நிமிஷம் காத்திருக்கிறாள். ஒருமுறை புது வரைபடத்தைப் போனில் அனுப்பினாள். "சூப்பர்ப்பா!" என்று பதில் வந்தது. திறந்தே பார்த்திருக்க மாட்டாள். பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்வரை அந்தப் பதிலையே பார்த்துக்கொண்டிருந்தாள் ரஞ்சனி.

மறுநாள் அதே வரைபடத்தோடு வெல்டர் அடைக்கலராஜிடம் போனாள்.

"அண்ணே, இதுல என்ன குறைன்னு சொல்லுங்க."

"சொன்னா கோச்சுக்க மாட்டீங்களேம்மா?"

"மாட்டேன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்த போல்ட்டுக்கு ஸ்பேனர் எப்படி உள்ள போகும்?" என்றார்.

ரஞ்சனிக்குக் கண் கலங்கியது. கோபத்தில் இல்லை. பேனாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.