ஏழுமலை அண்ணன் மேலேறிப் பார்த்த கடல்

செய்தி வந்தபோது ரயில் கவரைப்பேட்டையைத் தாண்டியிருந்தது. துறைமுகத்தில் வந்து நிற்கும் கப்பல்களைக் கயிறு போட்டுக் கட்டுகிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே வரி: "ஏழுமலை அண்ணன் காலைல தவறிட்டாரு. மார்வலி. வீட்லதான்." அந்த "வீட்லதான்" என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அவரோடு வேலை செய்து, இப்போது இதைப் படிக்கும் உங்களுக்கும் அதில் ஓர் ஆறுதல் இருந்திருக்கும். அவர் தம்பிக்கு அப்படி ஒரு சாவு வாய்க்கவில்லை.

நான் கும்மிடிப்பூண்டிக்காரி. கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை. கப்பல் வந்து நின்றதும் காகிதங்களோடு மேலே ஏற வேண்டும். முதன்முதலாக ஒரு பெரிய கன்டெய்னர் கப்பலின் அடியில் போய் நின்ற நாள் நினைவிருக்கிறது. நான் தினமும் வரும் பன்னிரண்டு பெட்டி மின்ரயிலைப் பக்கத்தில் நிறுத்தினால், அதற்கப்புறமும் நாலு பெட்டிக்கு இடம் மிஞ்சும். அண்ணாந்து பார்த்தால் இரும்புதான், வானமே இல்லை. காகிதங்களை மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். கையில் நனைந்த கயிற்றோடு ஒருவர் வந்து நின்றார்.

"முழுசா பாக்காதம்மா. முழுசா பாத்தா யாருக்கும் பயமாத்தான் இருக்கும். உன் காலுக்கு முன்னால கீற படிய மட்டும் பாரு."

அவர்தான் ஏழுமலை அண்ணன். அந்த யோசனை ரொம்ப நாள் எனக்குப் பலித்தது. ஆனால் அதை அவர் கடைப்பிடிக்கவில்லை. கப்பலைக் கட்டி முடித்ததும் மற்றவர்கள் டீ குடிக்கப் போவார்கள். அவர் மட்டும் முன்முனை வரைக்கும் நடந்து போய், நீரைக் கிழித்து வரும் அந்த விளிம்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். பச்சை வண்ணக் கப்பல் என்றால் இன்னும் நெடுநேரம். ஒருநாள் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன்.

பழவேற்காட்டுக்கு வடக்கே கடலோரக் குப்பம் அவருடையது. துறைமுக வேலைக்கு வருவதற்கு முன் அவரும் தம்பி சங்கரும் ஆளுக்கொரு ஃபைபர் படகில் மீன்பிடிக்கப் போவார்கள். ஒரு மார்கழி விடியலில் பனி கண்ணை மறைத்தது. "இஞ்சின் சத்தம் கேட்டுச்சு. எந்தப் பக்கம்னு தெரியல. அப்புறம் செவுரு மாதிரி வந்துச்சு. அது போய் முடியவே எவ்ளோ நேரம் ஆச்சு தெரியுமா? நிக்கல. கத்தினேன், நிக்கல." தம்பியின் படகில் பாதிதான் கிடைத்தது. உடைந்த ஓரத்தில் பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. தம்பி கிடைக்கவில்லை. சம்பளத்துக்காகத்தான் கடலை விட்டுத் துறைமுகத்துக்கு வந்தார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். "என்னிக்காவது இங்க வந்துதானே ஆவணும் அது" என்றார் அவர்.

பெயின்ட் மாறியிருக்கும், கப்பலே உடைபட்டுப் போயிருக்கலாம் என்று சொன்னேன். எல்லாம் தெரியும் என்பதுபோலத் தலையாட்டினார். அந்தக் கப்பலை ஓட்டியவனைப் பற்றி ஒன்றுதான் கேட்டார்: "பாத்துட்டும் போயிருப்பான் இல்ல?"

எனக்கும் அது தெரிய வேண்டியிருந்தது. அதனால்தான் அவரை மேலே கூட்டிப்போக நினைத்தேன். நல்ல மனிதரான ஒரு கேப்டன் சம்மதித்தார். அனுமதிச் சீட்டு வாங்கி, தொங்கு படிக்கட்டில் ஏறி, கப்பலுக்குள் இருக்கும் லிஃப்டில் மேலே போனோம். கப்பலை ஓட்டும் அறைக்குள் நுழைந்ததும் அண்ணன் கண்ணாடியோடு ஒட்டி நின்றார். முன்னால் கடல் இல்லை. கன்டெய்னர்களின் முதுகுதான் வயல்போலப் பரந்து கிடந்தது. அதற்கும் அப்பால், எங்கேயோ, நீர் தொடங்கியது. அலைதடுப்புச் சுவருக்கு வெளியே ஒரு ஃபைபர் படகு போய்க்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தோம். கன்டெய்னர் விளிம்புக்குக் கீழே இறங்கியது. காணோம். கண்ணெதிரே நல்ல வெயில். படகு மட்டும் இல்லை. அண்ணனின் உதடு அசைந்துகொண்டிருந்தது.

படகு மறுபக்கம் வந்த பிறகு கேப்டன் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். கப்பலுக்கு முன்னால் வெகுதூரத்துக்கு இங்கிருந்து கடலே தெரியாது. இரும்பில்லாத சின்னப் படகு ரேடாரிலும் பல சமயம் விழாது.

"இடிச்சா சத்தமாவது கேக்குமா? கேளும்மா."

கேட்டேன். கேப்டன் அண்ணனின் முகத்தைப் பார்த்தார். பிறகு, இல்லை என்றார்.

"கேக்காதாம்ணா."

அண்ணன் கீழே இறங்கித் தரையில் கால் வைத்ததும் சொன்னார்: "இத்தினி வருசமா ஒருத்தன சபிச்சிக்கினே இருந்தேன். அவனுக்கு இன்னா நடந்துச்சுன்னே தெரியாது. இனிமே யார சபிக்கிறது?"

அதற்குப் பிறகு அவர் எந்தக் கப்பலின் முன்முனைக்கும் போகவில்லை. கயிற்றைக் கட்டுவார், ஓரமாக உட்காருவார். வலியப் போய் ஒரு மனிதரிடம் இருந்த ஒரே பிடிமானத்தைப் பிடுங்கிவிட்டேனோ என்ற உறுத்தல் என்னை விடவில்லை.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டிக்கே வந்துவிட்டார். ரேடாரில் விழ வேண்டுமானால் படகில் என்ன கட்ட வேண்டும் என்று கேட்டார். கப்பல் அதிகாரிகளிடம் விசாரித்தேன். உலோகத் தகடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பொருத்தி உயரத்தில் கட்டச் சொன்னார்கள். தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் வெட்டி வாங்கினோம். குப்பத்தில் சிலர் சிரித்தார்கள், சிலர் கட்டிக்கொண்டார்கள். அப்படி ஒரு படகு கடந்தபோது, நின்றிருந்த கப்பலின் ரேடார் திரையை எனக்காக ஓர் அதிகாரி படம் எடுத்துத் தந்தார். அண்ணன் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, அந்தப் படகின் புள்ளியைப் பார்த்தார்.

"சின்னதாத்தான் கீது. ஆனா கீது."

அடக்கத்துக்குக் குப்பத்துக்குப் போயிருந்தேன். பெண்கள் கூட்டத்தில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "சங்கருக்கு காரியமே செய்ய வுடல இந்த மனுசன். ஒடம்பு கெடைக்கட்டும், அந்தக் கப்பல் கெடைக்கட்டும்னு சொல்லிக்கினே இருந்தாரு. நீ மேல கூட்டினு போனியே, அதுக்கு மறுவாரம்தான் தலைய மழிச்சிக்கினு கடக்கரைல ஒக்காந்து எல்லாத்தையும் செஞ்சாரு. உன்கிட்ட சொல்லலயா?"

சொல்லவில்லை. மழித்த தலையோடு அவர் வேலைக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். திருத்தணிக்குப் போய்வந்தீர்களா என்றுகூடக் கேட்டேன். சும்மா சிரித்தார்.

அன்று கேப்டனின் பதிலை மாற்றி, "கேக்கும்" என்று அவருக்குச் சமாதானமாக நான் ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்ட அந்தப் பொய்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. காலையில் கப்பல் உள்ளே வரும்போது படியை மட்டும் பார்த்து என்னால் இப்போது நிற்க முடிவதில்லை. அத்தனை பெரிய இரும்புக்குக் கீழே ஏதாவது கேட்கிறதா என்று காது கொடுத்து நிற்கிறேன். கேட்காது என்று தெரிந்துதான்.